முகூர்த்தம் மட்டும் வந்தது

என் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். பூந்தமல்லியில் ஒரு பாய் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் வேலை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரவில்லை. இதைப் பற்றி நான் அழகாக எழுதப் போவதில்லை. அழகாக எழுத இதில் எதுவும் இல்லை.

அவன் போய் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அவன் குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையின் குரல் ஒரு மாதத்தில் மறந்துவிடுமா என்று கத்தினேன். "மறக்கலடி. உள்ள கேக்கணும்னு பாக்கறேன், கேக்க மாட்டேங்குது" என்றாள். நானும் முயன்று பார்த்தேன். அவன் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாம் என் குரலிலேயே ஓடியது.

அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தோம். அவன் ஃபோன் விரல் வைத்தால் திறக்கும் ஃபோன். விரலை எரித்துவிட்டோம். கோடு போட்டும் திறக்கலாம் என்று சொந்தக்காரப் பசங்க ஆளுக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்து அது மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. என் ஃபோனில் அவன் அனுப்பியவை இருந்தன. "வரேன்." "சரி." ஒரு கட்டைவிரல். வாய் ஓயாமல் பேசுகிறவன் ஃபோனில் ஒரு தடவைகூட பேசி அனுப்பியதில்லை. அம்மாவுடையது பட்டன் ஃபோன்.

என் கல்யாண வீடியோவையும் அவன்தான் எடுத்தான். அந்தக் கல்யாணமே இப்போது இல்லை, வீடியோ மட்டும் இருக்கிறது. அதை எடுத்து டிவியில் போட்டு அம்மாவும் நானும் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தோம். நலங்கு வைக்கும்போது ஒரு பாட்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு. சாப்பாட்டுப் பந்திக்குக்கூட ஒரு பாட்டு போட்டு வைத்திருந்தான். எல்லோரும் வாயை அசைக்கிறார்கள், ஒருத்தர் குரலும் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ எதை எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். எடுத்த சத்தத்தை முழுக்க நீக்கிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். சத்தத்தோடு கொடுத்தால் ஜனங்களுக்குப் பிடிக்காது, மைக்கில் பதிந்திருப்பது பாதி சண்டையாகத்தான் இருக்கும் என்பான் தம்பி.

நான் பூந்தமல்லிக்குப் போய் பாயிடம் கேட்டேன். மசூதிக்குப் போகிற தெருவில் மாடியில் ஸ்டூடியோ. அவர் என் அப்பா வயதை நெருங்குகிறவர். தம்பிக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"ஆல்பம் குடுத்தாச்சுன்னா பழசை அழிச்சுட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு அதே டிஸ்க்கைத்தான் தங்கச்சி எடுத்துகினு போறது. எல்லா ஸ்டூடியோவும் அப்டித்தான். எவ்ளோ சேர்த்து வெக்க முடியும்?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "கடைசியா எடுத்தான் பாரு, திருவேற்காட்டுப் பொண்ணு கல்யாணம். அது இன்னும் எடிட் ஆகல. ஊட்ல ஒக்காந்து பண்றேன்னு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துகினு போனான். கருப்பு டிஸ்க். உங்க ஊட்லதான் கீது. பொண்ணோட அம்மா டெய்லி ஃபோன் பண்ணி என் உயிரை எடுக்குது. துக்க வீடாச்சே, எப்டி கேக்கறதுன்னு இருந்தேன்."

"அதுல அவன் பேசறது இருக்குமா பாய்?"

"பேசறதா? மேக்கப் ரூம்ல பொண்ண சிரிக்க வெக்கறதுக்குள்ள ஒரு கச்சேரியே பண்ணுவான். 'அண்ணி, மூஞ்சிய ஏன் இப்டி வெச்சுகினு கீறீங்க, வெளிய நிக்கறது மாப்ளதான், இன்கம்டாக்ஸ் ஆபீசர் இல்ல' அப்டிம்பான்." பாய் அதை அவன் மாதிரியே பேசிக் காட்டினார். கொஞ்சம்கூட அவன் மாதிரி இல்லை. இது தப்பு என்று தெரிகிறது, சரியானது எது என்று தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கருப்பு டிஸ்க் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் படத்துக்கு முன்னால் இருந்தது.

பதினாறாம் நாள் படையல் வைத்தபோது நடந்தது அது. செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். பிரியாணி வைத்தோம், மிக்சர் வைத்தோம். அவன் சிநேகிதர்கள் ஒரு சிகரெட் பாக்கெட் வைத்தார்கள். அவன் சிகரெட் பிடிப்பான் என்பது அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிறவள், "தொழில் சாமான் ஒண்ணாவது வெச்சாதான் அவன் மனசு ஆறும்" என்றாள். கேமரா ஸ்டூடியோவுடையது, அவன் காய்ச்சலில் படுத்த அன்றைக்கே பாய் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அத்தை மேசையிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்து வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் காட்டிவிட்டு சொம்புத் தண்ணீரை மூன்று சுற்று சுற்றி ஊற்றினாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். தண்ணீர் பலகையில் ஓடி டிஸ்க்குக்கு அடியில் தேங்கியது. யாரும் அதை எடுக்கவில்லை. படைத்த பொருளாயிற்றே. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு, பூ, ஒரு டம்ளர் தண்ணீர் என்று அது அங்கேயே சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

நான் போய் எடுத்தபோது ஒயர் செருகும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. ஓரத்தில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. குண்டூசியால் சுரண்டினேன். அத்தை பின்னால் நின்றுகொண்டு, "அதை ஏன்டி எடுக்கற, அவனுக்கு வெச்சது" என்றாள்.

"அவனுக்கு வெச்சீங்களா? அவனையே தண்ணி ஊத்தி அணைச்சிட்டீங்க அத்தை."

"என்னா பேச்சு பேசறா பாரு. இதுக்குள்ள அவன் இருக்கான்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது உண்மை. ஆனாலும் அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் செருகினால் விளக்கு எரிந்தது. உள்ளே டக், டக், டக் என்று யாரோ நகத்தால் தட்டுவது மாதிரி சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே கழற்றினேன். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அரிசியில் போட்டு வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்றார்கள். நான் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா அதைத் துணியில் சுற்றி ரேஷன் அரிசி டிரம்மில் போட்டிருந்தாள். சாயங்காலம் வந்து எடுத்தேன். துணி மடிப்பில் ஒரு வண்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஆவடியில் ஃபோன் ரிப்பேர் கடை ஒன்றில் கொடுத்தேன். கடைக்காரன் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினான். "சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் வந்துரும்க்கா." மறுநாள் போனபோது டிஸ்க் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. டக் டக் சத்தம் போய் ஏதோ உரசுகிற சத்தம் வர ஆரம்பித்திருந்தது. "இன்னும் ஒரு நாள் வுட்டுப் பாக்கலாம்க்கா" என்றான். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் க்வாலிட்டி பார்க்கிறவள். நாள் முழுக்க நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிப்பதுதான் வேலை. கெட்டதைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். அந்த டிஸ்க்கை கையில் எடுத்தபோதும் தெரிந்தது. இருந்தாலும் அலைந்தேன்.

கடைசியில் எங்கள் எஸ்டேட் பக்கமே, ஒரு மாடியில், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒருவர் இருப்பதாக பாய்தான் கண்டுபிடித்துச் சொன்னார். திருநெல்வேலிக்காரர். கம்பெனிகளுக்குத்தான் வேலை செய்கிறவர், எங்களைப் போன்றவர்கள் வந்தால் அவருக்கு எரிச்சல். டிஸ்க்கை வாங்கி மோந்து பார்த்தார்.

"என்ன மேடம், சந்தனம் மணக்குது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை ஆயுத பூஜை பார்த்திருப்பாரோ. "முதல்லயே கொண்டாந்திருந்தா பரவாயில்ல. ஈரத்துல போர்டு போயிருக்கு, அதை மாத்திரலாம். ஆனா யாரோ இதைப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருக்காங்க. உள்ள படிக்கிற ஊசி தேஞ்சு தட்டுல உரசிருக்கு. அதே மாடல் டிஸ்க் ஒண்ணு வாங்கி, அதுல உள்ள ஊசியை இதுல வச்சுப் பாக்கலாம். வந்தா உண்டு. வரலைன்னா என்னைத் திட்டக்கூடாது."

திட்டமாட்டேன் என்று சொன்னேன். பொய்தான்.

சில வாரம் கழித்து ஃபோன் வந்தது. ஊசி மாற்றியாயிற்று, என்ன இருக்கிறது என்று பட்டியல் தெரிகிறது, எல்லோரும் வந்தால் நல்லது என்றார். 'எல்லோரும்' என்றால் யார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. போனேன். பாய் இருந்தார். அவர் பக்கத்தில் பெரிய பொட்டும் கூடையுமாக ஒரு அம்மா. திருவேற்காட்டுப் பெண்ணின் அம்மா.

திரையில் என் தம்பி பிரித்து வைத்திருந்தது தெரிந்தது. வீட்டில் சட்டையை ஒழுங்காக மடிக்க மாட்டான், இதில் மட்டும் சுத்தமாக வைத்திருந்தான். 'மேக்கப் ரூம்' ஒரு ஃபோல்டர். 'முகூர்த்தம்' ஒன்று. 'ரிசப்ஷன்' ஒன்று.

திருநெல்வேலிக்காரர் சொன்னார், "தட்டுல கோடு விழுந்திருக்கு. புது ஊசியும் அதுல பட்டு எப்ப வேணா போயிரும். எல்லாத்தையும் எடுக்க முடியும்னு நான் சொல்லமாட்டேன். எது முதல்லன்னு சொல்லுங்க. அதை எடுத்துட்டு, தாங்குச்சுன்னா அடுத்தது."

"மேக்கப் ரூம்" என்றேன்.

"முகூர்த்தம்" என்றாள் அந்த அம்மா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னாமா இது? பவுடர் பூசறதை எடுத்து நாங்க இன்னா பண்றது? தாலி கட்டறது வாணாமா?"

"தாலி கட்டறதை மண்டபத்துல எல்லாரும் ஃபோன்ல எடுத்திருப்பாங்க. அதுல எடுத்துக்கங்க."

"எடுத்தாங்க. எல்லாத்துலயும் இன்னொருத்தன் கைதான் தெரியுது. என் பொண்ணு மூஞ்சி எதுலயும் இல்ல. அதுக்குத்தான் கேமரா வெச்சோம்."

"மேக்கப் ரூம்லதான் என் தம்பி குரல் இருக்கு. வேற எங்கயும் இல்ல. எங்கம்மா கேக்கணும்."

கல்நெஞ்சக்காரி என்று அவளை எழுதிவிட எனக்கு ஆசைதான், அப்படி இல்லை. "உன் தம்பி போனது எனக்கும் ஆறல. தங்கமான பையன், எங்க ஊட்ல ஒருத்தனாட்டம் ஓடியாடி வேலை பண்ணான். ஆனா என் பொண்ணு கழுத்துல தாலி ஏறினது ஒரு தபாதாம்மா."

"என் தம்பி செத்ததும் ஒரு தபாதான்."

பாய் கையைத் தூக்கினார். "வாணாம், ரெண்டு பேரும் வாணாம்."

"நீங்க சொல்லுங்க பாய்," என்றேன். "உங்ககிட்ட எவ்ளோ வருஷம் வேலை செஞ்சான்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி பேசினார். "நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்து எடுத்த வேலை தங்கச்சி. தம்பியை இங்க நிக்க வெச்சு, எதுடா மொதல்லன்னு கேட்டா, அவன் இன்னா சொல்லுவான்? நீயே சொல்லு."

முகூர்த்தம் என்றுதான் சொல்லியிருப்பான். எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் அன்றைக்கு பாயை அப்படித் திட்டினேன். எந்த வார்த்தை என்று இங்கே எழுத முடியாது. ஓர் இஸ்லாமியப் பெரியவரிடம், அதுவும் தொழுகைக்குப் போகிற நேரத்தில், யாரும் சொல்லக்கூடாத வார்த்தைகள். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரரைப் பார்த்து, "முகூர்த்தம் போடுங்க தம்பி" என்றார்.

ஒரு நீலக் கோடு திரையில் நகர ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். சில இடத்தில் வேகமாகப் போனது, சில இடத்தில் நின்றது. நிற்கும்போதெல்லாம் அந்த அம்மா, "தாயே, தாயே" என்று முணுமுணுத்தாள். நானும் வேண்டிக்கொண்டேன். சீக்கிரம் முடியட்டும், அடுத்தது என்னுடையது என்று. ஒரு கட்டத்தில் அவள் கூடையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கவில்லை. பாயிடம் நீட்டினாள். அவரும் வாங்கவில்லை. அவளே குடித்தாள்.

முகூர்த்தம் முழுதாக வந்தது. அவள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். திருநெல்வேலிக்காரரையா, சாமியையா, தெரியவில்லை.

"இப்ப மேக்கப் ரூம்" என்றார் அவர்.

கோடு கிளம்பியது. கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம் நகர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து இரும்புக் கம்பியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் பாய்ந்து போய் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு அதைக் கண்ணாடி அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். கதவைத் திறந்து என்னை மட்டும் கூப்பிட்டார். மூடி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி போல ஒரு வட்டத் தட்டு, என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அதில் நடுவாக்கில் தேய்ந்துபோய் ஒரு வளையம்.

"அந்த இடத்துல இருந்ததெல்லாம் இப்ப தூசி மேடம். யார்கிட்ட கொண்டு போனாலும் இதுதான்."

"மேக்கப் ரூமை முதல்ல போட்டிருந்தா வந்திருக்குமா?"

"தெரியாது. முதல்லயே போயிருந்தா முகூர்த்தமும் போயிருக்கும்."

எனக்கு அது சம்மதம்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவெல்லாம் இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "வரல, போயிடுச்சு" என்றேன். வெள்ளானூரில் எங்கள் தெருவில் அன்று யாரோ வீடு கட்ட ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே செய்தியை இரண்டு தடவை.

அடுத்த வாரம் பாய் ஃபோன் செய்தார். நான் எடுக்கவில்லை. அம்மாவின் ஃபோனுக்குச் செய்தார். முகூர்த்தம் எடிட் பண்ண ஆரம்பிக்கப் போகிறேன், பாட்டு போட்டுவிட்டால் சத்தம் போய்விடும், அதற்கு முன்னால் அம்மா ஒரு தடவை வந்து கேட்டுவிடட்டும், எங்கேயாவது ஒரு வார்த்தை இருந்தால் வெட்டித் தனியாக எடுத்துத் தருகிறேன் என்றாராம். அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் போனேன்.

பாய் என்னை "வா தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார். அவர் மகளைவிட்டு அம்மாவுக்கு டீ கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்துப் போட்டார்.

எல்லாம் கேட்டது. நாயனம், மேளம், ஐயர் மைக்கில் இருமுவது, யாரோ குழந்தை அழுவது. மணப்பெண்ணின் முகம் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்த அம்மா கேட்டது இதைத்தான். மண்டபமே மேடைக்கு முன்னால் ஏறி நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "யோவ் கேமரா, தள்ளுய்யா, ஒண்ணும் தெரில." படம் மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. இன்னொரு குரல், கிழவியாக இருக்க வேண்டும், "டேய் பையா, உன் முதுகைப் பாக்கவாடா மாங்காட்லருந்து வந்தோம்?" படம் கீழே இறங்கியது. முட்டி போட்டிருக்கிறான். "இவன் ஒருத்தன் குறுக்க குறுக்க! சொல்றனே, காதுல வுழலியா?" படம் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போனது. மணப்பெண் மட்டும் படத்தைவிட்டுப் போகவேயில்லை.

அம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"இவ்ளோ பேர் திட்றாங்களே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியே."

பாய் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார், "முகூர்த்தத்துல கேமராமேன் வாயே தொறக்கக்கூடாதும்மா. யார் இன்னா சொன்னாலும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

கெட்டி மேளம் அடித்தார்கள். அரிசி பறந்து வந்து லென்ஸில் பட்டது. தாலி ஏறியது. மேளம் ஓய்கிற இடத்தில் படம் நின்றுவிட்டது.

அம்மா மறுபடியும் போடச் சொன்னாள். எங்கிருந்து என்று பாய் கேட்டார். அவனைத் திட்டுகிற இடத்திலிருந்து என்றாள்.